ஏழரை மணி நீர்மட்டம்

போன புதன்கிழமை வானொலியில் அணை நீர்மட்டம் சொல்ல நான்கு நிமிடம் தாமதமாகிவிட்டது. 7.30-க்குச் சொல்ல வேண்டியது. அதற்கு முன்னால் போய்க்கொண்டிருந்த பதிவு கொஞ்சம் நீண்டுவிட்டது, நடுவில் வெட்ட மனம் வரவில்லை. 7.32-க்கே ஸ்டூடியோ போனில் விளக்கு மின்ன ஆரம்பித்துவிட்டது. மைக்கில் மணிச்சத்தம் விழக்கூடாது என்று ஒலியை அணைத்து வைத்திருப்போம், விளக்கு மட்டும்தான் எரியும். எடுத்தேன்.

"யம்மா, காரையாறு என்னாச்சு?"

ஒரு பெரியவர். வணக்கம் சொல்லவில்லை, பேரும் ஊரும் சொல்லவில்லை.

"இந்தா சொல்லப்போறேன் தாத்தா."

"சரி. கேட்டுட்டுத்தான் வயலுக்குப் போணும்."

வைத்துவிட்டார். எங்கள் பக்கத்தில் பாபநாசம் அணையைப் பெரியவர்கள் காரையாறு என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு எண்ணுக்காக ஒரு மனிதர் மண்வெட்டியைத் திண்ணையில் சாய்த்துவைத்துக் காத்திருக்கிறார் என்று நினைத்தபோது, நான்கு நிமிடம் ரொம்பப் பெரிய நேரமாகத் தெரிந்தது.

நான் ஒரு கல்லூரி நடத்தும் சமுதாய வானொலியில் காலை நிகழ்ச்சி செய்கிறேன். திங்கள் முதல் வியாழன் வரை, 6.30 முதல் 9 மணி வரை. வெள்ளியும் சனியும் மாணவர்கள் செய்கிறார்கள். அம்பாசமுத்திரத்துக்கும் சேரன்மகாதேவிக்கும் நடுவில், தாமிரபரணிக் கரையை ஒட்டிய ஊர்களில் எங்கள் ஒலி கேட்கும். 100 வாட் திறன், 30 மீட்டருக்கு மேல் போகாத கோபுரம். சுற்றுவட்டாரத்தில் பத்து, பன்னிரண்டு கிலோமீட்டர்தான் எட்டும். வீரவநல்லூர், பத்தமடை, கல்லிடைக்குறிச்சி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் முக்கூடல் வரை காற்றும் மேகமும் ஒத்துழைத்தால் தெளிவாகக் கேட்கும். எங்களுக்கு இது போதும். இந்த வட்டத்துக்குள் இருப்பவர்களில் பாதிப் பேருடைய குடும்பத்தை எனக்கு ஏதாவது ஒரு வழியில் தெரியும்.

வானொலி எனக்குள் எப்படி வந்தது என்று கேட்டால், அம்மாவின் மடியில் இருந்த சுளவிலிருந்து, அதாவது முறத்திலிருந்து, வந்தது என்றுதான் சொல்வேன். அம்மா பீடி சுற்றினாள். எங்கள் தெருவில் எல்லாரும் சுற்றினார்கள். இலையை நனைத்து, வெட்டி, தூளை அள்ளி வைத்து, உருட்டி, நுனியை மடக்கி, நூலைச் சுற்றி ஒரு இழுப்பு. 25 பீடி சேர்ந்தால் ஒரு கட்டு. சாயங்காலத்துக்குள் ஆயிரம் முடித்துக் கடையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். கையும் கண்ணும் பீடியில் இருக்கும். காது மட்டும்தான் அவளுக்கு மிச்சம். அந்தக் காதுக்குத் துணையாக ஜன்னல் திட்டில் ஒரு பழைய மர்பி பெட்டி இருந்தது. முள் எப்போதும் திருநெல்வேலி வானொலியின் 1197 கிலோஹெர்ட்ஸில்தான் நிற்கும். 1963-இல் தொடங்கிய நிலையம் அது. வேறு எதற்கும் திருப்ப எங்களுக்கு உரிமை கிடையாது.

எங்கள் வீட்டில் கடிகாரம் இருந்தது, ஆனால் யாரும் பார்த்ததில்லை. 5.55-க்கு அந்த முகப்பிசை வரும். வால்டர் காஃப்மன் என்ற செக் நாட்டு இசைக்கலைஞர் போட்டது அது என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அது கேட்டால் அம்மா எழுந்து அடுப்பு மூட்டுவாள். மங்கள இசையில் நாதஸ்வரம் வரும்போது வாசல் தெளித்து முடிந்திருக்கும். 6.45 மாநிலச் செய்திக்கு அப்பா பல் துலக்கிக்கொண்டிருப்பார். 7.15-க்கு டெல்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமியின் குரல் வரும்போது நான் தலை பின்னி முடித்திருக்க வேண்டும். முடிக்கவில்லை என்றால் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று அர்த்தம். அப்புறம் தென்கச்சி கோ. சுவாமிநாதனின் 'இன்று ஒரு தகவல்'. அவர் கடைசியாக ஒரு குட்டிக் கதை சொல்லி முடிப்பார். அந்தக் கதைக்குச் சிரிக்கும்போது மட்டும் அம்மாவின் கை ஒரு நொடி நிற்கும். நான் பார்த்திருக்கிறேன். அவர் சென்னைக்குப் போவதற்கு முன்னால் எங்கள் திருநெல்வேலி நிலையத்தில் விவசாய நிகழ்ச்சிகள் செய்தவர் என்பதில் எங்கள் தெருவுக்கே ஒரு பெருமை உண்டு. 2009 செப்டம்பரில் அவர் இறந்த செய்தி வந்த அன்று அம்மா ஆயிரத்தை முடிக்கவில்லை.

சமுதாய வானொலி என்பது வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. 2002 கடைசியில் கல்வி நிறுவனங்கள் சிறிய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு அனுமதித்தது. 2004 பிப்ரவரி 1-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் முதல் நிலையம் ஒலித்தது. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வழி திறந்தது. பாம்பனில் 2016 முதல் மீனவர்களுக்காகவே ஒலிக்கிற 'கடல் ஓசை' அப்படி வந்ததுதான். கடலுக்குப் போகிறவனுக்குக் காற்றும் அலையும் எப்படியோ, எங்கள் பக்கத்து ஆளுக்கு அணையும் மடையும் அப்படி.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. நாங்கள் சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது. ஆகாசவாணிச் செய்தியை மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். ஆனால் வானிலை, போக்குவரத்து, ஊர்த் திருவிழா, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, மின்சாரம் குடிநீர் பற்றிய அறிவிப்பு, இயற்கைச் சீற்றம், இவையெல்லாம் செய்திக் கணக்கில் வராது. யோசித்துப் பார்த்தால், காலை நேரத்தில் ஒரு வீட்டுக்கு வேண்டியது பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள்ளேயே இருக்கிறது. முதலில் இந்த விதி எனக்குக் கட்டுப்பாடாகத் தெரிந்தது. இப்போது இதை வைத்துத்தான் என் நிகழ்ச்சியையே கட்டியிருக்கிறேன்.

5.40-க்குக் கல்லூரி வாசலில் இறங்குவேன். காவலாளி அண்ணாச்சி சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நிற்பார். ஸ்டூடியோ சின்ன அறை, சுவர் முழுக்க ஒலியுறிஞ்சும் துணி. ஏசியைப் போட்டு அறையைக் குளிர வைத்துவிட்டு, 6.30-க்கு அணைத்துவிடுவோம். இல்லையென்றால் அதன் இரைச்சல் மைக்கில் ஏறிவிடும். கோடையில் எட்டு மணிக்கெல்லாம் வியர்த்து ஒழுகும். மேசையில் லாக் ஷீட். எத்தனை மணிக்கு எந்தப் பாட்டு, எந்த அறிவிப்பு, எத்தனை நொடி என்று எழுதிவைக்க வேண்டும். அதை நான் இன்னும் பேனாவால்தான் எழுதுகிறேன். கம்ப்யூட்டர் நின்றாலும் அந்தத் தாள் நிற்காது.

பாட்டைப் பற்றி எங்களுக்குள் நிறைய விவாதம் நடக்கும். மாணவர்கள் காலையிலேயே குத்துப்பாட்டு வேண்டும் என்பார்கள். நான் ஏழு மணி வரை விடமாட்டேன். 6.30-க்குக் கேட்கிறவள் அடுப்படியில் இருப்பாள், வீட்டில் பிள்ளைகள் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். அப்போது மெல்லிசை, ஒரு பழைய பாட்டு, அல்லது நாங்களே பதிவு செய்த நாட்டுப்புறப் பாட்டு. எங்களிடம் நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு என்று உள்ளூர்ப் பெண்கள் பாடியது நிறைய இருக்கிறது. பக்கத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டுக் குழுக்களிடம் அனுமதி வாங்கிப் பதிவு செய்ததும் உண்டு. வில்லின் மணி ஒலி காலை ஏழரைக்கு முன்னால் கேட்டால் ஊரே நிமிர்ந்து உட்காரும். சினிமாப் பாட்டு ஏழு மணிக்கு மேல். பள்ளிக்கூட வேன் வருகிற நேரத்தில் என்ன வேகமான பாட்டு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

7.05-க்கு மின்தடை அறிவிப்பு. மாதாந்திரப் பராமரிப்புக்காக எந்தத் துணைமின் நிலையத்தில், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை மின்சாரம் இருக்காது, எந்தெந்த ஊர்கள் என்று சொல்ல வேண்டும். கேட்கிறவர்களுக்கு இது உயிர்நாடி. ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும் என்றால் எட்டரைக்குள் மாவாட்ட வேண்டும், மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்ப வேண்டும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடுகிறவர்கள் உளுந்து மாவு அரைப்பதை அதற்கேற்ப மாற்றுவார்கள். 7.15-க்கு ஆகாசவாணிச் செய்தி. அந்தப் பத்து நிமிடத்தில் நான் ஒரு டீ குடிப்பேன். 7.30 நீர்மட்டம். 7.45 வாழ்த்து. 8.10 பேட்டி. 8.30-க்குச் செங்கோட்டை பாசஞ்சர் சரியான நேரத்தில் ஓடுகிறதா, மணிமுத்தாறு அருவியில் குளிக்க வனத்துறை இன்று அனுமதித்திருக்கிறதா என்கிற மாதிரிச் சின்னச் சின்ன விஷயங்கள்.

வாழ்த்துப் பகுதி இலங்கை வானொலியிலிருந்து நேராக வந்தது, அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு மகிழ்ச்சிதான். என் பெரியம்மா தூத்துக்குடியில் இருந்தாள். அங்கே காலையில் எங்கள் மர்பிக்கு எதிரான கட்சி. கொழும்புதான் ஒலிக்கும். 'பொங்கும் பூம்புனல்' போட்டுவிட்டுத்தான் காபி கலப்பாள். பிறந்தநாள் வாழ்த்தில் அப்பா, அம்மா, மாமா, அத்தை, அம்மம்மா என்று முழுக் குடும்பத்தின் பேரையும் அறிவிப்பாளர் மூச்சுவிடாமல் சொல்வார். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கிற முன்பின் தெரியாத ஒரு பிள்ளைக்காக இங்கே பெரியம்மா "நல்லாருக்கட்டும்" என்பாள். அதை நான் மறக்கவில்லை. எங்கள் நிகழ்ச்சியிலும் யாருடைய பேரையும் சுருக்க மாட்டேன். ஆச்சி, தாத்தா, சித்தப்பா, சின்னத் தம்பி, எல்லாரையும் சொல்வேன். பிள்ளையின் பேரை வேலை செய்கிற இடத்தில் பெட்டி வழியாகக் கேட்கும்போது அந்த ஆச்சிக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீர்மட்டத்துக்கு வருகிறேன். பாபநாசம், முழுக் கொள்ளளவு 143 அடி. சேர்வலாறு, 156. மணிமுத்தாறு, 118. கடனா 85, ராமநதி 84. இந்த எண்கள் எங்கள் பக்கம் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பாபநாசமும் சேர்வலாறும் சுரங்க வழியாக இணைந்தவை என்பதால் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள். இன்று எத்தனை அடி, நேற்றைவிட ஏற்றமா இறக்கமா, எத்தனை கன அடி வருகிறது, எத்தனை திறக்கிறார்கள். அப்புறம் கால்வாய்களின் பேர்: கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், கோடகன், பாளையங்கால்வாய். நதியுண்ணி என்று ஒரு கால்வாய்க்குப் பேர் வைத்த ஆளை நினைத்து எனக்கு ஒவ்வொரு நாளும் வாய் இனிக்கும்.

கார் நெல் சாகுபடிக்கு ஜூனில் தண்ணீர் திறப்பார்களா, அடுத்த போகமான பிசானத்துக்கு மழை அணையை நிரப்புமா என்பதில்தான் இங்கே கல்யாணத் தேதியும் கடன் தவணையும் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு வருடம் முன்னால் ஒரு காலையில் நான் தாளில் ஒரு வரி தவறிப் படித்துவிட்டேன். பாபநாசத்துக்கு மணிமுத்தாறின் எண்ணைச் சொல்லிவிட்டேன். அடுத்த நிமிடம் போன் மின்னியது. கல்லிடைக்குறிச்சிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர்.

"தாயி, நேத்து 98ன்னு சொன்னிய. இன்னைக்கு 79ங்கிய. ராத்திரியோட ராத்திரியா 19 அடித் தண்ணி எங்க போச்சு?"

குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. எனக்கு உடம்பே குளிர்ந்துவிட்டது. உடனே பாட்டை நிறுத்தித் திருத்தம் சொன்னேன். எட்டு மணிக்கு ஒருமுறை, எட்டரைக்கு ஒருமுறை சொன்னேன். மறுநாள் சரியாக 7.30-க்கு, "நேற்று இதே நேரத்தில் நான் தவறாகச் சொன்னேன்" என்று ஆரம்பித்து மறுபடியும் சொன்னேன். அது ஏன் என்று ஒரு மாணவன் கேட்டான். 7.30-க்குக் கேட்பவர் எட்டு மணிக்கு வயலில் இருப்பார். அவருக்கு நம் திருத்தம் போய்ச்சேராது. தப்பு எந்த நேரத்தில் போனதோ அந்த நேரத்தில்தான் அதைத் திருப்பி எடுக்க முடியும். அதன் பிறகு அணைகளின் தாளில் ஒவ்வொரு பேருக்கு அடியிலும் ஸ்கேல் வைத்துப் படிக்கிறேன்.

பேட்டிகளில் எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்தமடைப் பாய் நெய்கிற ஒரு அம்மா வந்தார். அறுபதுக்கு மேல் வயது. பொதுவாகக் காலையில் யாரும் ஸ்டூடியோவுக்கு வர முடியாது, வேலை நேரம். முந்தின நாள் சாயங்காலம் நாங்கள்தான் அவர்கள் வீட்டுத் திண்ணைக்குப் போய்ப் பதிவு செய்வோம். இந்த அம்மா, "நானே வாரேன், அந்த ரூமைப் பாக்கணும்" என்று சொல்லிவிட்டார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மடியில் ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மைக் முன்னால் ஒரு சாண் தள்ளி இருக்கச் சொன்னேன்.

முதல் கேள்விக்கே, "எல்லாரும் ராணிக்குப் போன பாயப் பத்திதான் கேக்காங்க" என்றார். இங்கிலாந்து எலிசபெத் ராணியின் 1953 முடிசூட்டு விழாவுக்குப் பத்தமடையிலிருந்து பாய் போன கதை அது. நானும் அதைத்தான் கேட்கத் தாளில் எழுதி வைத்திருந்தேன். அதை மடித்துக் கீழே வைத்தேன். "சரிம்மா, பையில என்ன கொண்டுவந்திருக்கிய?" என்று கேட்டேன்.

பையிலிருந்து ஒரு பிடி கோரையை எடுத்தார். தாமிரபரணிக் கரையில் விளைகிற கோரை. வெட்டிக் காயவைத்து, கீறி, ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து எடுத்தது. தேங்கிய தண்ணீரில் ஊறினால் கோரை கறுத்துவிடும் என்றார். ஆறு ஓட வேண்டும். கோடையில் ஆறு இளைத்தால் பாயும் காத்திருக்கும். அப்போதுதான் எனக்கு உறைத்தது, இந்த அம்மாவும் 7.30-க்குக் காது கொடுக்கிறவர். வயல்காரர்களை மட்டும் மனதில் வைத்து நான் இத்தனை நாள் நீர்மட்டம் வாசித்திருக்கிறேன்.

கோரையை எப்படிக் கீறுவீர்கள் என்று கேட்டேன். அவர் வார்த்தையில் சொல்லவில்லை. ஒரு கோரைத் தாளை இடது கையில் பிடித்து, சின்னக் கத்தியை நுனியில் வைத்து, மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் ஒரே இழுப்பாக இழுத்தார். சர்ர்ர் என்று மெல்லிய ஒலி, பட்டுத்துணி கிழிவது போல. இன்னொன்று. இன்னொன்று. நான் பேசவில்லை. ஃபேடரைக் கொஞ்சம் மேலே தள்ளி அந்த ஒலியை ஏற்றிவிட்டேன். வானொலியில் பேச்சில்லாமல் பத்து நொடி போனால் கருவி பழுதோ என்று நினைத்துவிடுவார்கள் என்று எங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். அன்று அரை நிமிடத்துக்கு மேல் அந்தச் சர்ர்ர் மட்டும்தான். அவரது வலது கட்டைவிரல் நகத்தின் நடுவில் ஒரு பள்ளம் ஓடியது. அதில் விரல் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். கையை நீட்டினார். நகம் கல்போல இருந்தது. "நாப்பது வருசக் கோரை இந்த வழியாத்தான் போயிருக்கு" என்றார்.

பேட்டி முடிந்ததும் முக்கூடலிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். பீடி சுற்றிக்கொண்டே கேட்டாளாம். "எக்கா, அந்தச் சத்தம் எங்க ஆச்சி சத்தம்" என்றாள். ஆச்சி பத்தமடையில் கோரை கீறி வாழ்ந்தவளாம், இறந்து பல வருடமாகிறது. அதற்கு மேல் பேசவில்லை, அழுகிறாள் என்று தெரிந்தது. நானும் கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருந்தேன். அந்தப் பதிவைத் தனியாக எடுத்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம்.

2023 டிசம்பர் 18 காலை நிகழ்ச்சி வேறு மாதிரி. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை தொடங்கிய மழை நிற்கவே இல்லை. அந்த ஒருநாள் மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். ஒரு வருடம் முழுக்கப் பெய்ய வேண்டிய மழை அது. தாமிரபரணி கரை தெரியாமல் போனது. ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ரயிலே நூற்றுக்கணக்கான பயணிகளோடு மாட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் ஞாயிறு ராத்திரியே கரண்ட் போய்விட்டது. விடிவதற்குள் செல்போன் கோபுரங்களும் அடங்கிவிட்டன. கல்லூரி வளாகத்தில் தங்கியிருந்த இரண்டு மாணவர்களும் நானும்தான். கேனில் இருபது லிட்டர் டீசல் இருந்தது. ஜெனரேட்டரை டிரான்ஸ்மிட்டருக்கும் ஒரு மைக்குக்கும் மட்டும் ஓட்டினோம். விளக்குகூடப் போடவில்லை, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பேசினேன்.

அன்று பாட்டு இல்லை. எந்தப் பாலத்தில் வண்டி போகாது, எந்தப் பள்ளிக்கூடத்தில் ஆட்களைத் தங்க வைத்திருக்கிறார்கள், எங்கே பால் கிடைக்கிறது. வருவாய்த் துறையினர் நேரில் வந்து சொன்னதையும், எங்கள் பையன்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்ததையும் மட்டும் சொன்னோம். ஒன்பது மணி வாக்கில் ஒருவர் நனைந்துகொண்டே ஓடிவந்து, ஒரு அணை உடைந்துவிட்டது, உடனே சொல்லுங்கள் என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும் சொல்கிறார்கள் என்றார். நான் சொல்லவில்லை. "அணையிலிருந்து தண்ணீர் திறக்கிறார்கள், கரையோரத்தில் இருப்பவர்கள் மேட்டுக்கு வாருங்கள். அணை உடைந்ததாக எந்த அதிகாரியும் சொல்லவில்லை" என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்லிக்கொண்டே இருந்தேன். ஓடிவந்தவருக்கு என்மேல் வருத்தம். அணை உடையவில்லை.

அன்று எங்களை எத்தனை பேர் கேட்டார்கள் என்று எண்ண வழியில்லை. ஆனால் பிறகு ஊர் ஊராகப் போனபோது பலர் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். சிக்னல் இல்லாத செல்போனில் எஃப்எம் மட்டும் வேலை செய்தது. இயர்போன் வயரைச் செருகினால் அதுவே ஏரியலாகிவிடும், கோபுரம் தேவையில்லை, இண்டர்நெட் தேவையில்லை. ஆனால் புது போன்கள் பலவற்றில் இந்த வசதியே இல்லை. 2023 ஏப்ரலில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகமே எஃப்எம் வசதியை முடக்காமல் கொடுங்கள் என்று செல்போன் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அடுத்த முறை போன் வாங்கும்போது கேமராவைப் பார்ப்பதோடு இதையும் கேட்டு வாங்குங்கள். தாமிரபரணி, வைகை, காவிரி எந்தக் கரையில் இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் வீட்டில் பேட்டரி போடுகிற ஒரு சின்ன ரேடியோவும் வைத்திருங்கள்.

ஒன்பது மணிக்கு மைக்கை அணைத்து, லாக் ஷீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகும்போது பத்தாகிவிடும். அம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. பீடி விட்டுப் பல வருடமாகிறது. விரல்கள் மட்டும் சும்மா இருக்கும்போது எதையோ உருட்டிக்கொண்டிருக்கும். மர்பி போய்விட்டது. அதே ஜன்னல் திட்டில் நான் வாங்கிக்கொடுத்த கையடக்க ரேடியோ இருக்கிறது. இப்போது முள் எங்கள் நிலையத்தில் நிற்கிறது. முழு நிகழ்ச்சியையும் கேட்டுவிட்டு எனக்காகக் காத்திருப்பாள். நன்றாக இருந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. கேட்காமல் போனது எது என்று மட்டும் சொல்வாள்.

நேற்றும் செருப்பைக் கழற்றும் முன்னாலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"மின்தடை ஊர்ப் பேரு கடைசி மூணையும் வேகமாச் சொல்லிட்ட. காதுல விழல. அந்த ஊர்க்காரி மாவாட்டாம இருந்திருப்பா பாத்துக்கோ."

தாளை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான், பாட்டுக்கு நேரமாகிறது என்று அந்த மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லியிருக்கிறேன். நாளைய தாளில் மின்தடைப் பகுதிக்கு இருபது நொடி கூட்டி எழுதிவிட்டு, அம்மாவுக்கு முன்னால் உட்கார்ந்து ஊர்ப் பேர்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒவ்வொரு பேருக்கும் தலையை ஆட்டினாள்.